காற்றைப் பார்த்து நிறுத்தியவருக்கு அரைப்பேர் போடாதீர்கள்

பண்டாரவளை, எல்ல, அப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கங்களில் சுற்றுலாத் தொழில் செய்யும் பிள்ளைகளுக்கு,

உங்களில் பலருக்கு நான் புவியியல் படிப்பித்திருக்கிறேன். மிச்சப் பேருடைய ஆட்டோவில் ஏறி வாடகைக்குப் பேரம் பேசியிருக்கிறேன். எல்லப் பாறைக்குக் கூட்டிப்போகிறவர்கள், தியலும நீர்வீழ்ச்சியின் மேல் குளங்களுக்கு வழிகாட்டுகிறவர்கள், சிப்லைனில் கொக்கி மாட்டிவிடுகிறவர்கள், வீட்டில் இரண்டு அறையை ஒதுக்கி ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாக ஒரே கேள்வி வெவ்வேறு வாய்களிலிருந்து என்னிடம் வருகிறது. தம்புள்ளை, சீகிரியா, கண்டலமைப் பக்கம் பலூனில் பறந்துவிட்டு வரும் வெளிநாட்டுக்காரர்கள் எல்லவுக்கு வந்ததும், இங்கே பலூன் இல்லையா என்று கேட்கிறார்களாம். நம் மலையிலும் ஒன்றை விட்டால் என்ன சேர், நாலு பேருக்கு வேலை கிடைக்குமே என்கிறீர்கள். என் பதில்: வேண்டாம். ஆனால் ஏன் வேண்டாம் என்று சொல்லப்போனால் பேச்சு பலூனோடு நிற்காது. நீங்கள் இன்றைக்குச் செய்துகொண்டிருக்கிற வேலைக்கும் வந்து சேரும். அதனால்தான் கடை வாசலில் நின்று சொல்லி முடிக்காமல் மடலாக எழுதுகிறேன்.

பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது. ஓட்டுநரால் முடிந்தது இரண்டே காரியம். பர்னரைத் திறந்து வாயுவை எரித்தால் உள்ளேயிருக்கும் காற்று சூடேறி, பலூன் மேலே போகும். உச்சியில் இருக்கும் திறப்பைக் கயிற்றால் இழுத்துச் சூட்டை வெளியே விட்டால் கீழே வரும். பக்கவாட்டில் எங்கே போவது என்பது காற்றின் இஷ்டம். உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறும். தனக்கு வேண்டிய திசையில் வீசுகிற அடுக்கைத் தேடி ஏறி இறங்குவதுதான் ஓட்டுநரின் கெட்டித்தனம். வெயில் ஏறிவிட்டால் சூடான நிலத்திலிருந்து காற்று குமிழ்குமிழாக மேலே கிளம்பி எல்லாவற்றையும் குழப்பிவிடும். ஆகவே விடிகிற நேரத்தில் பறந்து, வெயில் உறைக்கும் முன் இறங்கிவிடுவார்கள். புறப்படும் முன் சின்ன ஹீலியம் பலூன் ஒன்றை விட்டு, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று அண்ணாந்து பார்ப்பார்கள். தரையில் காற்று மணிக்கு 18, 20 கிலோமீற்றரைத் தாண்டினால் பெரும்பாலான இடங்களில் அன்றைக்குப் பறப்பு கிடையாது. இந்த வேகத்தில் நம் ஊரில் கொடியில் காயப்போட்ட சேலைகூடப் பறந்துபோகாது. அவ்வளவு மெல்லிய காற்றுக்கே ஒரு தொழில் பயந்து நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும்தானே.

தமிழ்நாட்டில் பொள்ளாச்சியில் 2015 முதல் பொங்கலை ஒட்டிப் பலூன் திருவிழா நடக்கிறது. தென்னந்தோப்பும் வயலுமாக விரிந்த சமவெளி அது. 2025 ஜனவரியில் அங்கே எழும்பிய ஒரு பலூன் மேற்கே போய், மாநில எல்லையையும் தாண்டி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து நெல்வயல் ஒன்றில் இறங்கியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வகுப்பில் நான் தொங்கவிட்ட தென்னிந்திய வரைபடம் நினைவிருந்தால், மேற்குத் தொடர்ச்சி மலை ஓரிடத்தில் அறுந்து கிடப்பதும் நினைவிருக்கும். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தை மாதத்தில் கிழக்கேயிருந்து வரும் காற்று அந்த வாசலால்தான் கேரளத்துக்குள் புகும். அந்தப் பலூன் போன திசையும் அதுவே. போன இடத்தில் வயல் இருந்தது, தப்பினார்கள்.

நம்முடைய வாசல் எல்லக் கணவாய். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கும் எல்லவிலிருந்து வெல்லவாயப் பக்கம் தரை விழுந்துபோகிறது. வழியெல்லாம் பாறை, பள்ளம், காடு. இந்தப் பக்கம் திரும்பினால் சரிவு முழுக்கத் தேயிலை, நிழல் மரம், அவற்றுக்கு நடுவே மலைக்கு மலை தாண்டிப் போகும் கரண்ட் கம்பி. தட்டையான புல்வெளி வேண்டுமென்றால் தியத்தலாவைக்குத்தான் போகவேண்டும். அதுவும் இராணுவத்தின் மைதானம்!

காற்றோ இன்னும் மோசம். ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்று அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, அப்புத்தளை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வறண்ட கச்சானாக இறங்குகிறது. ஊவாக் கொழுந்துக்கு அந்த மணம் வருவதே அதனால்தான். அந்தப் பருவத்துக்காகக் கொழும்பு ஏலத்தில் காத்திருக்கிறார்கள். ஆனால் முகட்டைத் தாண்டி விழும் காற்று நேராக வீசாது. மலையின் இந்தப் புறத்தில் சுழன்று, கீழே அமுக்கி, மறுபடி தூக்கும். லிப்டன் சீட்டில் தொப்பியைப் பறிகொடுத்த எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையிலும் பங்குனி, சித்திரையிலும் வேறு கதை: காலையில் துடைத்துவிட்ட மாதிரி வானம், பகல் இரண்டு மணிக்கு நமுனுகுலைப் பக்கம் கறுத்து, மூன்று மணிக்கு இடி. மார்கழியிலும் தையிலும் வடகீழ்ப் பருவமழை பசறை, மடுல்சீமைப் பக்கத்தை நனைத்துவிட்டு இங்கே பனிமூட்டத்தை அனுப்பும்.

2020 ஜனவரி 3ஆம் திகதி காலை வீரவிலவிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட விமானப்படையின் வை-12 விமானம் அப்புத்தளையில் விழுந்து, அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள். சத்தம் கேட்டு ஓடியவர்களில் உங்கள் சிநேகிதர்களும் இருந்தார்கள். விபத்தின் காரணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. இந்த மலைகளுக்கு மேலே பறப்பது எவ்வளவு நெருக்கமான காரியம் என்பதற்காக மட்டும் சொல்கிறேன். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் போனது மலையகத்தில் இன்னும் மறக்கப்படாத கதை.

இனி, பலூன் விபத்துகள். இவற்றைத் தேடித்தேடிப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது ஒன்றுதான். வானம் ஒளித்துவைத்து அடித்த விபத்து குறைவு. யாரோ ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்திருக்கிறது.

2016 ஜூலை 30, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லொக்ஹார்ட் என்ற ஊர். ஓட்டுநரோடு சேர்த்து 16 பேர். ஓட்டுநரும் முதலாளியும் ஒருவரே. புறப்படுவதற்கு முன் அவர் வானிலை நிலையத்தைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். தாழ்வான மேகம் இடைஞ்சலாக இருக்கலாம் என்று அங்கிருந்தவர் எச்சரித்திருக்கிறார். மேகங்களுக்கு நடுவே ஓட்டை பார்த்துப் போய்விடுவோம் என்ற பொருளில் இவர் பதில் சொல்லியிருக்கிறார். மூடுபனிக்கு மேலே போனார்கள். இறங்கும்போது கீழே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. உயர் அழுத்த மின்கம்பியில் மோதி, ஒருவரும் மிஞ்சவில்லை. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, ஓட்டுநர் தொடர்ச்சியாக எடுத்த தவறான முடிவுகளே காரணம் என்றது: புறப்பட்டது, பனிக்கு மேலே தொடர்ந்தது, மேகத்தினூடே இறங்கியது. அவருடைய உடல்நிலையும் உட்கொண்டிருந்த மருந்துகளும் முடிவெடுக்கும் திறனைக் குறைத்திருக்கக்கூடும் என்றும் சொன்னது. அந்த நாட்டில் பலூன் ஓட்டுநருக்கு மருத்துவச் சான்றிதழ் அதுவரை கட்டாயமில்லை. கூலிக்குப் பயணிகளை ஏற்றுகிறவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கும் விதி வர 2022 ஆகிவிட்டது. சட்டம் எப்போதும் பிணங்களுக்குப் பின்னால்தான் நடந்து வருகிறது, அங்கேயும்.

2012 ஆகஸ்ட் 23, சுலோவீனியாவின் தலைநகர் லியுப்லியானாவுக்கு வெளியே ஒரு சதுப்புநிலம். ஒரே கூடையில் முப்பதுக்கும் மேற்பட்டோர். இடிமழைக் காற்று திடீரென்று பிடித்து அறைந்தது, தீயும் பற்றியது. ஆறு பேர் இறந்தார்கள். கோடைகாலத்து இடிமழை அது, நம்முடைய ஐப்பசி மழையின் சொந்தக்காரன். கறுப்பது தெரியும். வந்து சேர எத்தனை நிமிடம் என்பதுதான் தெரியாது.

எல்லாமே வானிலையால் வந்தவை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2013 பெப்ரவரியில் எகிப்தின் லக்சரில் 19 பேர் இறந்ததற்குக் காரணம் வாயுக் குழாய்க் கசிவு. நியூசிலாந்தின் காட்டர்டனில் 2012 ஜனவரியில் 11 பேர் போனது நல்ல காலைநேரத்தில், மின்கம்பியில் மோதி. 2025 ஜூனில் பிரேசிலின் பிராயா கிராண்டேயில் கூடைக்குள் தீப்பிடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். தரைக்குக் கிட்ட வந்தபோது 13 பேர் குதித்துத் தப்பினார்கள். பாரம் குறைந்த பலூனோ மிச்சப் பேரோடு மறுபடி மேலே ஏறிவிட்டது. இது எப்படி என்று விளங்காதவர்கள் யாழ்ப்பாணத்துச் செய்தியை நினைத்துப்பாருங்கள். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் இளைஞர்கள் சேர்ந்து பெரிய பட்டம் ஒன்றை ஏற்றினார்கள். மற்றவர்கள் கயிற்றைக் கைவிட, ஒருவர் மட்டும் விடாமல் பிடித்தபடி முப்பது நாற்பது அடி உயரத்துக்குப் போய்த் தொங்கினார். காயத்தோடு உயிர் தப்பினார். அந்தக் காணொளியைப் பார்த்து நாம் எல்லாரும் சிரித்தோம், நானும்தான்.

நம் துணைக்கண்டத்துக்கும் இந்தக் கதை பழையது. 1892 மார்ச்சில் டாக்கா நவாபின் அழைப்பில் வந்த ஜெனட் வான் டாஸல் என்ற அமெரிக்கப் பெண் பலூனில் ஏறி, பரசூட்டில் அரண்மனை மாடியில் இறங்குவதாக ஏற்பாடு. புரிகங்கைக் கரையில் ஆயிரக்கணக்கில் கூட்டம். காற்று அவரை வேறு பக்கம் இழுத்துக்கொண்டுபோய் மரத்தில் மாட்டிவிட்டது. மூங்கிலைக் கட்டி இறக்கப் பார்த்தார்கள். விழுந்து, பிறகு இறந்தார். நவாப் மாடியில் காத்திருக்கிறார், கரையெல்லாம் சனம் நிற்கிறது. அந்த நிலையில் இன்றைக்குக் காற்று சரியில்லை என்று அந்தப் பெண்ணால் சொல்லியிருக்க முடியுமா? 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தில் முதலமைச்சர் ஏறிப்பார்த்த பலூன், காற்றால் எழும்ப முடியாமல், கீழ்ப்பகுதியில் தீப்பிடித்தது என்று செய்தி வந்தது. பாதுகாப்புக் குறை எதுவும் இல்லை என்றது மாவட்ட நிர்வாகம். நல்லவேளை, அவருக்குக் காயமில்லை. பெரியவர்கள் வந்து நிற்கும்போது "இன்றைக்கு வேண்டாம் ஐயா" என்று சொல்வது எந்த நாட்டிலும் லேசான காரியமில்லை.

அந்தச் சொல்லை யார் சொல்வது, சொன்னவருக்கு என்ன நட்டம் என்பதைப் பற்றித்தான் உங்களோடு கதைக்க வந்தேன்.

நம் அம்மாமாரை நினையுங்கள். பெரட்டுக்கு நின்று, படங்கைச் சுற்றிக்கொண்டு மலைக்கு ஏறுகிறார்கள். பகலில் இடி முழங்குகிறது. மலையைவிட்டு இறங்கினால் கொழுந்து நிறை குறையும். நிறை குறைந்தால் பல தோட்டங்களில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். இறங்காவிட்டால் முழுப்பேர், மின்னல் அடிக்காமலிருந்தால். வானத்தைப் பார்த்துப் புத்தியாக நடந்தவருக்குத் தண்டனை, பார்க்காமல் நின்றவருக்குச் சம்பளம். இந்தக் கணக்கில் வளர்ந்த பிள்ளைகள் நாம். அதனால்தானோ என்னவோ தோட்டத்தை விட்டுவிட்டு வேறு தொழிலுக்கு வந்த பிறகும் அதே கணக்கையே கொண்டுவந்துவிட்டோம். பனி மூடியிருக்கிறது என்று எல்லப் பாறைப் பயணத்தை நிறுத்திய கைட்டுக்கு அன்றைய காசு இல்லை. கூட்டிக்கொண்டு போனவருக்குக் காசும் உண்டு, டிப்ஸும் உண்டு. லொக்ஹார்ட்டில் பறந்தவருடைய கணக்கும் இதுவாக இருந்திருக்கலாம். பறக்காத நாளுக்கு அவருக்கு யார் சம்பளம் கொடுப்பது?

மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவின் கதை இதைவிடக் கொடியது. அங்கிருப்பவர்களை இடம்மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிரோடு திரும்பிவந்து பார்த்தபோது லயம் இருந்த இடம் தெரியவில்லை. சனம் எச்சரிக்கையைக் கேட்கவில்லை என்று பிறகு சிலர் எழுதினார்கள். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. வெளியேறு என்று சொல்வதற்கு ஒரு கடிதம் போதும். வெளியேறிப் போய் இருக்க ஒரு வீடு வேண்டும், அந்த வீட்டுக்கு ஒரு துண்டு நிலம் வேண்டும், அங்கிருந்து வேலைக்குப் போகப் பாதை வேண்டும். அவை இல்லாமல் கொடுத்த எச்சரிக்கை, கொடுத்தவர்களின் கோப்பைத்தான் காப்பாற்றியது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோய், பதுளை மாவட்டத்தில் மலைமலையாகச் சரித்துவிட்டபோதும் பழைய கேள்வி அப்படியேதான் நின்றது.

பெரிய முதலாளிமாரையும் அரசாங்கத்தையும் இந்த ஒரு மடலால் மாற்ற முடியுமென்று நான் நினைக்கவில்லை. உங்கள் தொழில் உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்கிறேன்.

காசு கொடுப்பது எப்போது, திருப்பிக் கொடுப்பது எப்போது என்பதைப் பயணி வரும் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். வானிலையால் நிறுத்தினால் முழுக் காசும் திரும்ப வரும், அல்லது அடுத்த நாள் அதே காசுக்குக் கூட்டிப்போவோம் என்று இருந்தால் பயணிகளில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுடைய நாட்டிலும் பலூன்காரர் அப்படித்தான் செய்கிறார். ஆனால் அன்றைக்கு வேலையை இழந்த பிள்ளையின் கூலி? ஹோம்ஸ்டேக்காரர்களும் ஆட்டோச் சங்கங்களும் கைட்மாரும் சேர்ந்து ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சின்னத் தொகையைப் பொதுவில் போட்டு வைத்தால், நிறுத்திய நாளுக்கு முழுப்பேர் கொடுக்கலாம். சீட்டுப் பிடிப்பதில் நம் சனத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லையே.

நிறுத்துகிறவர் யார் என்பதையும் முதலே தீர்மானியுங்கள். கூட்டிப்போகிறவரின் சொல்லே கடைசி. அறை வாடகைக்கு விடுகிறவரோ, சிப்லைன் டிக்கட் விற்கிறவரோ, முகநூலில் மோசமான விமர்சனம் வருமே என்று பயப்படுகிற முதலாளியோ அந்தச் சொல்லுக்கு மேலே போகக்கூடாது. பத்தொன்பது வயதுப் பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் ஐம்பது வயது முதலாளி கேட்கவேண்டும்.

எதைப் பார்த்து நிறுத்துவது? மின்னல் தெரிந்ததிலிருந்து எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் முகட்டில் நிற்கவேண்டாம், சிப்லைன் கம்பிக்குக் கிட்டவும் வேண்டாம். கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் பொறுங்கள். தியலுமவில் நீங்கள் நிற்கிற குளத்துக்கு மேலே வெயிலடிக்கலாம். ஆற்றின் மேல்பக்கத்தில் மழை பெய்தால் தண்ணீர் சொல்லாமல் வரும். நிறம் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ படம் எடுத்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். பக்கத்திலேயே 220 மீற்றர் விழுகிறது.

மண்சரிவுக்கு எண்ணிக்கை இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழித்திருக்கவேண்டிய மஞ்சள் நிலை, 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ சிவப்பு, வெளியேற வேண்டியதுதான். இதை அளக்க வானிலை நிலையம் வேண்டாம். மேலிருந்து அடிவரை ஒரே அகலமான, அடி தட்டையான போத்தலும் ஒரு அடிமட்டமும் போதும். எட்டாம் வகுப்பில் செய்து காட்டினேன், பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஹோம்ஸ்டேக்கு ஒன்று என்று முற்றத்தில் வைத்து, காலையில் அளந்து, உங்கள் வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். காலை வணக்கப் படங்களுக்குப் பதிலாக அது வரட்டும். ஆபத்தென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருக்கிறது. ஆனால் மலை வெடிக்கிற சத்தமோ, சுவரில் புது வெடிப்போ, ஊற்று திடீரென்று கலங்குவதோ தெரிந்தால் தொலைபேசிக்கு முன்னே கால்கள் நகரட்டும்.

பலூனுக்கு வருகிறேன். யாராவது முதலாளி கையில் காசோடு வந்து எல்லவில் பலூன் விடப்போகிறேன் என்றால், நீங்கள் வேலை கேட்பதற்கு முன் அவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இருக்கின்றன. இறங்கும் இடங்கள் எவை, வரைபடத்தில் காட்டுங்கள். ஆடி மாதக் கச்சானில் என்ன செய்வீர்கள்? மின்கம்பிகளைக் குறித்த படம் இருக்கிறதா? வருடத்தில் எத்தனை நாள் பறக்க முடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள், அந்த நாட்களில் எங்களுக்குச் சம்பளம் உண்டா? கடைசிக் கேள்விக்கு அவர் தடுமாறினால் மிச்சத்தைக் கேட்கத் தேவையில்லை.

திருப்பிக் கொடுக்கும் காசுக்கான விதியையும் பொதுப் பணத்துக்கான விதியையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சரிபார்த்துத் தருகிறேன். எல்லவில் உங்களோடு வேலை செய்யும் சிங்களப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அவர்கள் இல்லாமல் இது ஒரு கிழமைகூட நிற்காது. எழுத்துப் பிழைக்கு மட்டும் புள்ளி குறைப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய புவியியல் சேர்,
பண்டாரவளை.